ஊரப்பாக்கத்தில் ஒரு பிரேசில் இதயம்

பிரேசிலிலிருந்து விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் காப்பித்தூள் கொண்டுவருவார்கள். போகும்போது புளியும் அப்பளமும் கட்டிக்கொண்டு போவார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நான் தாம்பரம் வந்த வருஷம், திரும்பும்போது ஓர் ஆளையே கையோடு கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று எனக்கு உத்தரவு.

உத்தரவு போட்டவள் ரோசா. நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் வாசலில், மரவள்ளி மாவில் பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்ட உருண்டைகள் விற்பவள். அவள் மகள் லூசியா துறைமுக நகரம் ஒன்றில் ஓட்டல் வேலைக்குப் போன இடத்தில், கப்பலில் ஃபிட்டராக வந்த ஒரு தமிழனைக் கல்யாணம் செய்துகொண்டு, பத்து வருஷமாக ஊரப்பாக்கத்தில் இருக்கிறாள். நான் தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவள் என்று தெரிந்த நாளிலிருந்து ரோசா எனக்கு இரண்டு உருண்டை கூடுதலாகவே வைப்பாள். அது சும்மா இல்லை என்று எனக்கும் தெரியும்.

"அவளுக்கு அடிக்கடி மயக்கம் வருதாம். அவ அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. அண்ணனுக்கும் இப்படித்தான். போறதுன்னா என் மடியில போகட்டும். கூட்டிட்டு வந்துடு" என்று தன் மொழியில் சொன்னாள். அழவில்லை. பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னாள்.

அவள் சொன்ன நோய் எனக்குப் புதிதல்ல, என் பிழைப்பே அதுதான். அந்த நாட்டுக் கிராமங்களில் மண் சுவர் விரிசல்களில் ஒரு பூச்சி குடியிருக்கும். தூங்குகிறவர்களின் முகத்தில் கடித்து ரத்தம் குடிக்கும். அதன் கழிவில் இருக்கும் ஒட்டுண்ணி, நாம் சொறியும்போது உடம்புக்குள் போய்விடும். போனால் லேசில் வெளியேறாது. இருபது முப்பது வருஷம் சத்தமே காட்டாமல் இருந்துவிட்டு, சிலருக்கு மட்டும் இதயத்தில் கை வைக்கும்.

ஆய்வுக்கூடத்தில் என் வேலை, ஒரு முயலின் இதயத்தைக் கண்ணாடிக் குழாயில் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான உப்புநீர் ஓடவிட்டு, அதைத் துடிக்க வைப்பது. அது பாட்டுக்குத் துடிக்கும். அப்புறம் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடியை அந்த நீரில் கலப்போம். ஆன்டிபாடி என்பது ஒட்டுண்ணியைப் பிடிக்க உடம்பு தயார் செய்த காவல்காரர்கள். அவர்களில் சிலர் ஆளை மாற்றிப் பிடித்து, இதயத்தின் வேகத்தைக் குறைக்கிற பொத்தானில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். தசை தளரும், தாளம் தப்பும். நல்ல உப்புநீர் விட்டுக் கழுவினால் மறுபடி பிழைத்துக்கொள்ளும்.

எல்லா நோயாளியின் ரத்தமும் இப்படிச் செய்வதில்லை. நோய்க்கே இதுதான் காரணமா, அல்லது கூட வந்து ஒட்டிக்கொண்ட தொந்தரவா என்று எங்கள் பேராசிரியர்கள் மதியச் சாப்பாட்டின்போது சண்டை போடுவார்கள். நான் குழாயைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

மீனம்பாக்கத்தில் இறங்கியபோது ஐப்பசி மழை. பிரேசிலிலும் மழை உண்டு, ஆனால் அங்கே மழை பெய்தால் ஜனங்கள் ஒதுங்குவார்கள். இங்கே ஜி.எஸ்.டி. ரோட்டில் எல்லாரும் மழையோடு போட்டி போட்டுக்கொண்டு போனார்கள். நேராக லூசியா வீட்டுக்குப் போகலாம் என்று பிடித்த என் ஆட்டோ வண்டலூருக்குப் பக்கத்தில் இருமி, உயிரை விட்டது. "பிளக்கு நனைஞ்சி பூட்ச்சிம்மா. கொஞ்சம் பேஜார்தான். நீ வேற வண்டி புடி" என்று டிரைவர் சாவகாசமாகப் பீடி பற்றவைத்தார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வெளிநாட்டில் பத்து வருஷம் இருந்தவள் என்று சொன்னால் அந்தப் பஸ்ஸில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஊரப்பாக்கத்தில் புதிதாகப் போட்ட மனைகள், பாதி கட்டிய வீடுகள், முழங்கால் சேறு. ஒரு வாசலில் நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு, மாநிறமாக, சுருட்டை முடியோடு ஒருத்தி நின்றிருந்தாள். நான் என் நல்ல போர்த்துகீசியத்தில் வணக்கம் சொன்னேன்.

"இன்னாக்கா, இப்டி நனைஞ்சிகினே வந்துட்டியே! உள்ள வா, தலைய தொவட்டு. ஜொரம் வந்தா யாரு பாக்கறது?" என்றாள் லூசியா.

நான் வாயைப் பிளந்து நின்றேன். பத்து வருஷத்தில் அவள் கற்ற தமிழ் எந்தப் புத்தகத்திலும் இல்லாத தமிழ். தெருக்குழாயிலும் மீன் கடையிலும் கற்றது. அந்தத் தெரு அவள் பெயரையும் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் அவள் லூர்து அக்கா.

புருஷன் தேவராஜ் சாயங்காலம் வந்தான். கப்பலை விட்டுவிட்டுத் திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். குழந்தைகள் இல்லை. கறுத்த, நெடுநெடுவென்ற ஆள். என்னிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நாலு தடவை அவளைத் திரும்பிப் பார்த்தான். ரோசா சொல்லி அனுப்பியது அவனுக்கும் தெரியும். "இருந்துட்டு போங்கக்கா, அவசரம் ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டான். அந்தக் கேள்வியே எனக்குச் சங்கடமாக இருந்தது.

மறுநாள் காலை லூசியா எனக்கு டிபன் செய்தாள். ஜவ்வரிசியை அரைத்து, டப்பா சீஸைத் துருவிப் போட்டு, குழிப்பணியாரக் கல்லில் சுட்ட உருண்டை. சாட்சாத் அவள் அம்மாவின் பண்டம்! ஜவ்வரிசிக்கு மூலமான மரவள்ளி அங்கேயிருந்து இங்கே எப்போதோ வந்துவிட்டது, இவள் பின்னாலேயே வந்து அதை மறுபடி கண்டுபிடித்திருக்கிறாள். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி. ரோசா பார்த்தால் நெஞ்சில் அடித்துக்கொள்வாள். நான் கணக்கில்லாமல் தின்றேன்.

கை கழுவிவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு. அடுத்த துடிப்பு வருமா வராதா என்று நான் காத்திருக்க வேண்டியிருந்தது.

"பக்கத்து வூட்டு அக்கா சொல்லும், லூர்து மாதிரி நிதானம் யாருக்கும் வராதுன்னு. எனக்கு மேல மூச்சு வாங்குது, அதுக்கு அது நிதானமா தெரியுது" என்று சிரித்தாள் அவள்.

அன்றைக்கு மதியம், இதயத்துக்கான பெரிய டாக்டர் ஒருவருக்குச் சீட்டு வாங்க இரண்டு பேரும் தாம்பரத்துக்குப் போனோம். மீட்டர் கேஜ் என்கிற சின்னப் பாதை ரயிலில், பெண்கள் பெட்டியில் இடமே இல்லை. எதிரே இருந்த இரண்டு பேர் லூசியாவைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். "மலையாளமா இருக்கும்" என்றாள் ஒருத்தி. "இல்லடி, ஆங்கிலோ இண்டியன்" என்றாள் மற்றவள். லூசியா கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை அவர்களிடம் நீட்டி, "பிரேசிலு. இப்ப ஊரப்பாக்கம். துன்னுங்க" என்றாள். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் அவர்கள் தங்கள் மாமியார்களைப் பற்றியெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டார்கள். பிரேசிலில் நான் பத்து வருஷமாகப் போகும் பஸ்ஸில் ஒருத்தர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அதற்கடுத்த நாள் தேவராஜ் என்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போனான். பட்டறையைக் காட்டுவது ஒரு சாக்கு. வீட்டில் அவள் இல்லாமல் பேச வேண்டும் அவனுக்கு. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், தலை நனையாமல் இருக்க ஓலைக் கொட்டாய் ஒன்று. மிஷின் ஏதாவது மக்கர் பண்ணினால் முதல் வேலை என்ன தெரியுமா? பழைய எண்ணெயை வடித்துவிட்டு, மண்ணெண்ணெய் விட்டு அலசிவிட்டு, புது எண்ணெய் ஊற்றுவது. முக்கால்வாசி சீக்கு அதிலேயே போய்விடும் என்றான். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டீ வந்தது. "அக்கா, ஒண்ணு கேக்கறேன். சின்ன வயசுல ஏதோ பூச்சி கட்ச்சிதுன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னா. நான் மூட்டப்பூச்சின்னு வுட்டுட்டேன். மூட்டப்பூச்சி கட்ச்சி யாராச்சும் செத்துப்போவாங்களா?"

மூட்டைப்பூச்சி இல்லை தம்பி என்று ஆரம்பித்து எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். முயல், குழாய், உப்புநீர், காவல்காரர்கள். அவனுக்குப் புரிகிற மாதிரி இருக்கட்டும் என்று, "பிரேக் மேல எப்பவும் ஒருத்தன் காலை வச்சுக்கிட்டே இருக்கான்னு வச்சுக்கோ. வண்டி எப்படி ஓடும்?" என்றேன். கழுவினால் முயலின் இதயம் பிழைத்துக்கொள்வதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவன் டீயைக் குடிக்கவே இல்லை. "அந்தக் காவக்காரனுங்க ரத்தத்துலதான் கீறானுங்களா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டுக் கடைசல் வேலை பார்க்கப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை லூசியாவை அந்தப் பெரிய டாக்டரிடம் காட்டக் கிளம்பினோம். தேவராஜ் நேராக ஆஸ்பத்திரிக்கு வருவதாக ஏற்பாடு. நாங்கள் இரண்டு பேரும் தாம்பரத்தில் வேளச்சேரி பஸ் பிடித்தோம். பள்ளிக்கரணையில் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியது. பஸ் நடுவில் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவரோடு எவ்வளவு ஆழம் என்று வாதாடப் போனார். ஜன்னலுக்கு வெளியே சதுப்பு நிலம் முழுக்கக் கொக்கும் நாரையும்.

"ஏய், இவ்ளோ கொக்கு எங்க ஊர்ல பாத்ததே இல்லக்கா" என்றாள். அப்புறம் திடீரென்று போர்த்துகீசியத்துக்கு மாறினாள். அவள் அம்மா பாஷையை அன்றுதான் அவள் வாயில் முதன்முதலாகக் கேட்டேன்.

"டாக்டர் நெஞ்சுல மெஷின் வைக்கச் சொல்வார். எனக்குத் தெரியும். எங்க அண்ணனுக்கும் வச்சாங்க. வச்ச வருஷமே போயிட்டான். எனக்கு அது வேண்டாம். உங்ககூடவே வந்துடறேன். அம்மா பக்கத்துல படுத்துக்கறேன். தேவராஜ்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

இதைத்தான் ரோசா கேட்டாள், இதற்குத்தான் நான் வந்தேன். ஆனாலும் முதலில் டாக்டரைப் பார்க்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. பதில் சொல்லத் திரும்பினேன். அவள் தலை என் தோளில் சாய்ந்தது. தூங்குகிறாளாக்கும் என்று நினைத்தேன். கையைப் பிடித்தால் நாடி கிடைக்கவில்லை.

நான் கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்கள் அவளைத் தூக்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து, எதிர்ப்பக்கம் நின்ற பால் வண்டியில் ஏற்றினார்கள். "முகத்துல தண்ணி அடிங்க" என்றார் ஒருவர். "யோவ், மழைல நனைஞ்சிகினுதானே கீது, இன்னும் இன்னா தண்ணி!" என்று அவரை அதட்டினாள் பூக்கூடையோடு இருந்த ஓர் அம்மா. கூடையை ரோட்டிலேயே விட்டுவிட்டு எங்களோடு வண்டியில் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வருகிறவரை லூசியாவின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். அவள் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

வழியிலேயே லூசியாவுக்கு நினைவு வந்துவிட்டது. நாங்கள் போகவிருந்த அதே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். திரையில் அவள் இதயத்தின் துடிப்புக் கோடுகள் மெல்ல மெல்ல நெருங்கி வந்ததை நின்று பார்த்தேன். அதே மருந்தைக் கொடுத்து முயலின் இதயத்தை நான் எத்தனையோ தடவை தட்டி எழுப்பியிருக்கிறேன். அங்கே அது எனக்கு வேலை. இங்கே கை கூப்பிக்கொண்டு நின்றேன்.

டாக்டர் அமைதியான மனிதர். இந்த நோயைப் படித்திருக்கிறாரே தவிரப் பார்த்ததில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். நான் சொன்னதை எல்லாம் கவனமாகக் கேட்டார். "காரணம் எதுவா இருந்தாலும் இதயத்தோட மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குச் செய்தி போகலை. ஊசி இப்போதைக்குத்தான். பேஸ்மேக்கர் வச்சே ஆகணும். இந்த நிலையில் விமானத்துல ஏறினால் பாதி வழியிலேயே போயிடுவாங்க" என்றார்.

லூசியா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வேண்டாம் என்றாள். தமிழிலும் சொன்னாள், அவள் பாஷையிலும் சொன்னாள். தேவராஜ் ஓடிவந்து கெஞ்சினான், கோபித்தான், காலைக்கூடப் பிடித்தான். "வுட்டுடுய்யா. எங்க அண்ணனும் அதான் வச்சிகினான்" என்றாள். அவன் வராந்தாவுக்கு வந்து, என் முன்னால் நின்றான். "மெஷினு வேணாங்கறா. அப்ப வேற வழிதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கிப் போனான். கோயிலுக்குப் போகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி கேன்டீனில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அங்கேயும் நன்றாகவே இருந்தது, முந்திரிதான் கஞ்சத்தனம். வாசலில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், இரும்புத் துருவும் எண்ணெயும் ஏறிய ஒரு டெம்போ நின்றது. அதிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். திருமுடிவாக்கம் எஸ்டேட்டே காலியாகி வந்துவிட்டது போலிருந்தது. டர்னர்கள், வெல்டர்கள், டீக்கடைக்காரர், வாட்ச்மேன். எல்லாரும் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தார்கள். முன்னால் தேவராஜ்.

அவன் நேராக ரத்த வங்கிக்குப் போய், அங்கிருந்த அம்மாவிடம், "எல்லாரும் நேத்துலேந்து பீடி சாராயம் தொடலை மேடம். லூர்து ரத்தம் மொத்தமும் எடுத்துட்டு இவங்களுத மாத்திடுங்க. பழசை எதுல புடிப்பீங்க, நாங்க ஏதாச்சும் கொணாரணுமா?" என்று கேட்டான்.

அந்த அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வடித்துவிட்டு, அலசிவிட்டு, புதுசு ஊற்றுவது. அவன் பெண்டாட்டிக்கு எண்ணெய் மாற்ற வந்திருக்கிறான்.

சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே அழுகையும் வந்தது. அவனை ஓரமாகக் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். ரத்தத்தை அப்படி மொத்தமாக வடிக்க முடியாது. வடிகட்டிப் பார்க்கிற இயந்திரங்கள் உண்டு, ஆனால் வடிகட்டினாலும் உடம்பு மறுபடி அதே காவல்காரர்களைத் தயார் செய்துவிடும். முயலின் இதயம் உடம்பை விட்டுத் தனியாகத் தொங்குகிறது, அதற்குள் புதிதாக எதுவும் ஊறாது. இவள் முழு மனுஷி. இதையெல்லாம் அவனிடம் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன்.

"அப்ப அந்த ஃபேக்டரியே உள்ளதான் கீது" என்றான்.

"ஆமாம்பா."

"அத்த நிறுத்த முடியாதா?"

"இப்போதைக்கு முடியாது. பிரேக்கை எடுக்க முடியாது. ஆனா வண்டி நிக்காம பார்த்துக்க முடியும். அதுக்குத்தான் அந்த மெஷின்."

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். விரலிடுக்கெல்லாம் போகாத எண்ணெய்க் கறுப்பு. பின்னால் நின்ற வெல்டர் ஒருவர், "மச்சான், அழுவாத. வந்தது வந்துட்டோம், யாருக்காச்சும் குட்த்துட்டுப் போறோம். இன்னா இப்போ?" என்று அவன் முதுகில் தட்டினார். எந்த ஆபரேஷனுக்கும் நோயாளியின் ஆட்களை ரத்தம் கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிகள் கெஞ்சுகிற ஊர் இது. ரத்த வங்கி அம்மா கேட்காமலே இத்தனை பேர் வந்ததை நம்ப முடியாமல் ஒவ்வொருவராகப் படுக்க வைத்தாள். பெரிய இரும்பையெல்லாம் தூக்குகிற ஆள் ஒருவர் ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். அதற்கு ஒரே கேலி.

நான் மேலே போனபோது விஷயம் எனக்கு முன்னாலேயே போயிருந்தது. நர்ஸ் சொல்லியிருக்கிறாள். லூசியா ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே டெம்போவைச் சுற்றி முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு ஜூஸ் குடிக்கிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள். சிரிப்பு அடங்கவில்லை. திரையில் கோடு தாறுமாறாக ஓட, நர்ஸ் பதறிப்போய் அவளைப் படுக்க வைத்தாள். படுத்துக்கொண்டும் சிரித்தாள். கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

"எண்ணெ மாத்த வந்தானாக்கா?"

"ஆமாம்."

"கேணப்பய" என்றாள். அவ்வளவு பிரியமாக ஒருவரை யாரும் திட்டி நான் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாக்டர கூப்புடு. வைக்கட்டும் அந்த மெஷின. இல்லன்னா இவன் நாளைக்கு லாரில ஆளு இட்டாருவான்" என்றாள்.

திங்கட்கிழமை வைத்தார்கள். நானும் தேவராஜும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்து டாக்டர் தலையசைத்தபோது அவன் அவரைக் கும்பிட்டான். பெஞ்சைக் கும்பிட்டான். என்னையும் கும்பிட்டான்.

அப்புறம் இருந்த நாட்கள் நல்ல நாட்கள். ஊரப்பாக்கம் வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து ரசம் சாதம், இன்னொரு வீட்டிலிருந்து நெத்திலிக் குழம்பு. பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணம் ஈரல் வறுவலோடு வந்து, "இன்னா லூர்து, நேத்து குட்த்த முட்டைய துன்னலியாமே? கொழுப்பா உனுக்கு?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனாள். பிரேசிலில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் மெதுவாகப் பேசுவார்கள். இங்கே நோயாளிதான் மெதுவாகப் பேசச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது.

டாக்டர் சொன்னதை அவளிடம் நான் மறைக்கவில்லை. மெஷின் தாளத்தைத் தப்ப விடாது, அவ்வளவுதான் அதன் வேலை. ரத்தத்தில் இருக்கும் காவல்காரர்கள் இருந்துகொண்டேதான் இருப்பார்கள், தசை வருஷக்கணக்கில் தளரலாம், தளராமலும் இருக்கலாம். "தெரியும்க்கா. பிரேக்க மிதிக்கறவன் மிதிச்சிகினேதான் இருப்பான்" என்று தலையாட்டினாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. இல்லை என்று எழுத எனக்கு மனசில்லை.

தையல் பிரித்தார்கள். இனி விமானத்தில் போகலாம் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். நான் கிளம்பும் நாள் வந்தது. தேவராஜ் அவள் துணிகளை மடித்து ஒரு சூட்கேஸில் அடுக்கி, கூடத்தில் வைத்திருந்தான். அவளை ஒன்றும் கேட்கவில்லை. "அவங்க அம்மா பெத்தவங்க. கேக்கறாங்க. நான் இன்னா சொல்றது?" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆட்டோ பார்க்கத் தெருமுனைக்குப் போனான். அந்த ஆள் அவள் புடவையைக்கூட மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தான்.

லூசியா கூடத்துக்கு வந்தாள். சூட்கேஸைப் பார்த்தாள். தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், காலாலேயே அதைத் தள்ளிக்கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் விட்டாள். விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க ஊர்ல இந்த நோயி வந்துட்ச்சின்னா அவ்ளோதான்க்கா. வேல குடுக்க மாட்டாங்க. எங்க அண்ணன கடேசி வருசம் பூரா செத்தவன பாக்கற மாதிரியே பாத்தாங்க. அம்மாவும் அப்டித்தான் பாத்துச்சி. அதுக்கு ஆசதான், ஆனா வேற மாதிரி பாக்க அதுக்குத் தெரியாது. இங்க இந்த நோயி பேரே ஒருத்தனுக்கும் தெரியாது. முட்ட துன்னலன்னு திட்றாங்க. அங்க போனா நான் சாவப்போறவ. இங்க லூர்து."

அவளை விட்டுப் போகவும் மனசில்லை, கூட்டிப்போகவும் மனசில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தேவராஜ் உள்ளே எட்டிப் பார்த்தான். கூடத்தில் சூட்கேஸ் இல்லாததைப் பார்த்தான். பார்த்தவன், நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"உங்க அம்மா வாசல்லயே நிப்பாளே. நான் தனியா இறங்கினா என்னத்தைச் சொல்வேன்?" என்று கேட்டேன்.

லூசியா என் கையை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்து அழுத்திக்கொண்டாள். கொஞ்சமும் காத்திருக்க வைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

"எழுபது அடிக்குதுன்னு சொல்லு. நம்பலன்னா, நம்ம வூட்டுக்கு வந்து எண்ணிப் பாக்கச் சொல்லு."